ஸ்பிரிங் வேண்டாம், தம்பி

ஸ்கேல்பெக் பண்ணை, கம்ப்ரியா
11 ஏப்ரல் 1999

அன்புத் தம்பி கிளெமுக்கு,

நீயும் உன் நாயும் சுகம்தானே? இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். ஆடுகள் குட்டி போடற நேரம். மழை விட்டபாடில்லை.

ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்காமப் படி. நான் ஒரு கார் வாங்கிட்டேன். நம்ம சந்தையில ஆடு ஏலம் விடற அதே கொட்டகையில போன வாரம் வண்டி ஏலம். பெரிய எஸ்டேட்டுக்காரங்க வேட்டைக்குப் போவாங்களே, நாலு சக்கரமும் இழுக்கற பெரிய வண்டி, தோல் சீட்டு, மரம் பதிச்ச முகப்பு, அதுதான். அஞ்சாறு வருஷம் ஓடினது. உள்ளே ஈர நாய் வாசனை. அந்தக் காலத்துல புதுசா இது வாங்கின விலைக்கு நம்ம மேல்வயலையே வாங்கியிருக்கலாம். இப்போ யாரும் கேக்கலை, நான் கேட்டேன். இதுக்கு ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேல ஒரு ரப்பர் பை, அதுக்குள்ளே காத்து. ஒரு பட்டனை அமுக்கினா புஸ்ஸுன்னு மூச்சை விட்டுட்டுத் தரையோட தரையா இறங்கிக்கும். இன்னொரு பட்டனுக்கு எழுந்து நிக்கும். என் முழங்கால்தான் உனக்குத் தெரியுமே. பழைய பிக்-அப்ல ஏற முடியலை. அதான்.

ஊரே சிரிக்குது. மேல்பண்ணை ராப் ஃபியரன் வழியில நின்னு தொப்பியைக் கழட்டி, "மகாராணி எங்கே கிளம்பிட்டாங்க?"ன்னான். "உன் கல்யாணத்துக்குத்தான்டா, பொண்ணு கிடைச்சா சொல்லியனுப்பு"ன்னேன்.

இப்போ பிரச்சனைக்கு வர்றேன். ராத்திரி நேரா நிக்கற வண்டி, காலையில பார்த்தா முன்பக்க இடது மூலை மட்டும் சாஞ்சு கிடக்கு. என்னன்னு சொல்லு. இருபது வருஷமா வண்டிக்கடியிலேயே குடித்தனம் பண்றவன் நீ.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அக்டோபர் கடைசியில மலையிலேர்ந்து ஆடெல்லாம் இறக்கற அன்னைக்கு, இந்த வண்டி உன் அண்ணனை மலைமேல ஆடடைக்கற மேல்பட்டி வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போகணும். ஆடு பிரிக்கற கதவுகிட்ட நின்னு, காது வெட்டையும் சாயக் குறியையும் பார்த்து எது யாரோடதுன்னு சொல்றவர், உங்க அப்பாவுக்கு அப்புறம் அவர்தானே. ஒரு வருஷம் ஆள் வரலைன்னா அந்த இடம் அடுத்தவனுக்குப் போயிடும். நம்ம பள்ளத்தாக்கு வழக்கம் உனக்குத் தெரியாததில்லை.

போன் போடாதே. போன் அடுப்படியில இருக்கு, காசும் ஜாஸ்தி. எழுது.

அண்ணி ஹில்டா


டிமரு, நியூசிலாந்து
24 ஏப்ரல் 1999

அண்ணிக்கு வணக்கம்.

நான் சுகம். நாய் என்னைவிட சுகம். உங்க கடுதாசியைப் படிச்சு ஒர்க்‌ஷாப் பூரா சிரிச்சது, மன்னிச்சுடுங்க. இங்கே வாரத்துக்கு ஒண்ணு அந்த ஜாதி வண்டி வருது. ஓட்டிக்கிட்டு வர்றதில்லை, கட்டி இழுத்துக்கிட்டு வர்றாங்க.

முதல்ல ஓட்டை எங்கேன்னு பாருங்க. பாத்திரம் கழுவற சோப்பைத் தண்ணியில கரைச்சு, பை மேலயும் டியூப் மேலயும் அடிங்க. எங்கே நுரை முட்டை விடுதோ அங்கேதான் ஓட்டை. ரப்பர் மடியற இடத்துல மயிரிழை மாதிரி வெடிப்பு இருக்கும்.

ஆனா அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு பையை மாத்தினா அடுத்த பை போகும். நாலும் மாத்தினா காத்தடைக்கற கம்ப்ரஸர் போகும். அது முடிஞ்சா வால்வு. காத்தெல்லாம் பணக்காரங்க விளையாட்டு. புத்தியுள்ளவன் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு, நாலு இரும்பு ஸ்பிரிங்கை வச்சுட்டு நிம்மதியாத் தூங்குவான்.

அப்புறம், அண்ணனுக்கு எதுக்குக் கார்? மேல்பட்டிக்கு ஆட்டுக்கு முன்னாடி ஓடறவனாச்சே. அவன் ஏன் ஒரு வரி எழுதறதில்லை? கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில கையெழுத்துக்கூட உங்களோடது. சோம்பேறி ஆயிட்டானா?

கிளெம்


ஸ்கேல்பெக்
16 மே 1999

அன்புத் தம்பி,

உன் உடம்பு எப்படி? அங்கே குளிர் ஆரம்பிச்சிருக்குமே. நாங்க சுகம்.

சோப்புத் தண்ணி அடிச்சேன். நீ சொன்ன மாதிரியே முட்டை முட்டையா விட்டுது. மறந்துடக் கூடாதுன்னு அந்தப் பையில நம்ம ஆட்டுச் சாயத்துல சிவப்புக் கோடு இழுத்துட்டேன், இடது தோள்ல, நம்ம பண்ணைக் குறி எங்கே போடுவோமோ அங்கேயே. டவுன்ல இருக்கற மெக்கானிக் ஸ்ப்ரோட் அதைப் பார்த்துட்டு, "காணாமப் போனா சுலபமாக் கண்டுபிடிக்கலாம்"னான். உடைச்சுப் போட்ட வண்டியிலேர்ந்து ஒரு நல்ல பை தேடிக் கொடுத்தான். மாட்டறப்போ நானும் கூட நின்னு பார்த்தேன். இனிமே நானே செய்வேன்.

ஸ்பிரிங் வேண்டாம். அதோட விடு.

உன் அண்ணனுக்குக் கை ஒழியலை. அதான் எழுதலை.

அண்ணி


டிமரு
6 ஜூன் 1999

அண்ணிக்கு,

எல்லாரும் நலம்னு நம்பறேன். வேலை தலைக்கு மேல, சுருக்கமா எழுதறேன்.

முழங்கால்தான் பிரச்சனைன்னா அதுக்கு எதுக்கு இந்தக் கூத்து? ஸ்பிரிங் போட்டுட்டு, கதவுக்குக் கீழே ஒரு இரும்புப் படி வெல்டு பண்ணச் சொல்லுங்க. காலை வச்சு ஜம்முனு ஏறலாம். ஸ்ப்ரோட்டுக்கு அரை நாள் வேலை.

கம்ப்ரஸர் சூடாகுதான்னு தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியலைன்னா உள்ளே இருக்கற வளையம் தேஞ்சிருக்கு. இதோட ரெண்டு வளையம் வச்சு அனுப்பறேன்.

கிளெம்


ஸ்கேல்பெக்
20 ஜூலை 1999

அன்புத் தம்பி,

உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. கம்பளி வெட்டற வேலையில உக்காரவே நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கோ. இருமல்னு நீ எழுதாட்டியும் உனக்கு இந்த மாசத்துல இருமல் வரும்னு எனக்குத் தெரியும்.

கம்ப்ரஸர் நீ சொன்ன மாதிரியே படுத்துது. அடுப்படி மேசையில பழைய பேப்பரை விரிச்சு, பிரிச்சு, நீ அனுப்பின வளையத்தை மாட்டினேன். ஒரு திருகாணி மிச்சமாச்சு. அது எங்கேயிருந்து வந்ததுன்னு இன்னும் தெரியலை, ஆனா வண்டி எழுந்து நிக்குது.

இந்த வருஷம் கம்பளி வெட்ட வெளியாள் வச்சோம். உன் அண்ணன் வெட்டலை, சுருட்டினார். கத்திரி மழுங்கிப் போச்சுங்கறார். சாயங்காலத்துல முற்றத்துல நிக்கற வண்டியில போய் உக்காந்துக்கறார். அவரே பட்டனை அமுக்கி இறக்கறார், ஏத்தறார். பேட்டரி போகும்னு சொல்ல வாய் வந்தது, சொல்லலை.

படி வேண்டாம். ஒரு படின்னாலும் படிதான். கதவு தரைக்கிட்ட வரணும், அவ்வளவுதான்.

செப்டம்பர் முதல் வாரம் வண்டிக்கு வருஷச் சோதனை. ஸ்ப்ரோட்கிட்டத்தான் விடறேன்.

அண்ணி


டிமரு
15 ஆகஸ்ட் 1999

அண்ணிக்கு,

இருமல் வந்துடுச்சு, உங்க வாய்முகூர்த்தம்.

நீங்க பிடிச்ச பிடியை விடமாட்டீங்க. எங்க வீட்டுக்கு வாழ வந்த நாள்லேர்ந்து பார்க்கறேன். அதனால இனிமே நான் வாதாடப் போறதில்லை. செப்டம்பர்ல உங்க பிறந்தநாள் வருது. ஒரு பரிசுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கேன். என்ன ஏதுன்னு கேக்காதீங்க. வந்ததும் எழுதுங்க.

அண்ணனை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்க. "நான் உயிரோட இருக்கேன், நீ போடா"ன்னு எழுதினாக்கூடப் போதும்.

கிளெம்


ஸ்கேல்பெக்
9 செப்டம்பர் 1999

கிளெம்,

நலம் விசாரிக்கற நிலைமையில நான் இல்லை.

உன் பரிசு வந்தது. சோதனைக்கு வண்டியை விட்டுட்டு பஸ்ல வீட்டுக்கு வந்தேன், மறுநாள் எடுக்கப் போனேன். ஸ்ப்ரோட் பல்லெல்லாம் தெரிய நிக்கறான். "உங்க கொழுந்தனார் நியூசிலாந்துலேர்ந்து எழுதி, பணமும் அனுப்பிட்டார். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னார். நாலும் புது ஸ்பிரிங். இனி உங்களுக்குத் தொல்லையே இல்லை." வண்டி தலையை நிமிர்த்திக்கிட்டு நிக்குது. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அவன் சந்தோஷத்துல அழறேன்னு நினைச்சுக்கிட்டான்.

வீட்டுக்கு வந்தேன். அன்னைக்கு ஆடு மேய்க்கற நாய்களுக்குப் போட்டி, ரெண்டு பேரும் போறதா இருந்தோம். உன் அண்ணன் நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னார். கோட்டுப் பித்தானை அவரே போட்டிருந்தார், அதுக்குக் காலைப்பொழுது பூரா ஆகியிருக்கும். நேரா வந்து கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு பட்டனை அமுக்கினார். ஒண்ணும் நடக்கலை. இன்னொரு தடவை அமுக்கினார். கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னார். அப்புறம், "மழை வர்ற மாதிரி இருக்கு. அடுத்த வருஷம் போகலாம்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டார். வானத்துல பொட்டு மேகமில்லை.

என் முழங்காலுக்கு ஒண்ணுமில்லைடா. உன் அண்ணனுக்குத்தான் முடியலை. ரெண்டு வருஷமாச்சு. கை நடுங்குது. எழுத்து எறும்பு மாதிரி சுருங்கி சுருங்கி, கடைசியில பேனாவையே எடுக்கறதில்லை. நடக்கறப்போ திடீர்னு கால் தரையில ஒட்டிக்குது. காலைத் தூக்கி வைக்க முடியறதில்லை, ஒரு படிகூட. டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னார். அந்தப் பேரை இந்த வீட்டுக்குள்ளே சொல்லக் கூடாதுன்னுட்டார் இவர். நானும் எழுதலை. மத்தவங்க அக்குள்ல கையைக் கொடுத்து ஆட்டை வண்டியில ஏத்தற மாதிரி தன்னை ஏத்தறதைவிட வீட்டுலேயே கிடக்கலாம்கறார். இந்த ஒரு வண்டிதான் அவர் உயரத்துக்கு இறங்கி வந்தது.

உனக்கு ஏன் சொல்லலை? "அவனுக்குத் தெரிஞ்சா அங்கே இருக்கறதைப் போட்டுட்டு ஓடி வருவான். என் தம்பி என்னைப் பரிதாபமாப் பார்க்கறதை என்னால பார்க்க முடியாது"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். அந்த சத்தியத்தை இப்போ உடைச்சுட்டேன். உனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாது.

நீ நல்லெண்ணத்துல செஞ்சே. அது எனக்குத் தெரியாம இல்லை. ஆனா இன்னைக்கு உன் மேல எனக்கு ஆத்திரம் தீரலை.

ஹில்டா


ஸ்கேல்பெக்
26 செப்டம்பர் 1999

கிளெம்,

உன்கிட்டேர்ந்து பதிலைக் காணோம். கோபமா, வருத்தமா, தபால் தாமதமா, தெரியலை. உனக்காகக் காத்துக்கிட்டு இருக்க எனக்கு நாள் இல்லை.

ஸ்ப்ரோட்கிட்டப் போய் என் பைகளைக் கேட்டேன். நல்லவேளை, தூக்கிப் போடலை. காரணம் கேட்டான், "ஸ்பிரிங் எனக்குக் குலுக்குது"ன்னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பான், நினைச்சுட்டுப் போகட்டும். நானே மாட்டறேன்னு தூக்கிக்கிட்டு வந்துட்டேன். பின்பக்க வலது மூலை முடிஞ்சுது. விரல்ல நகம் ஒண்ணு போச்சு. மத்த மூணும் மாட்டாம விடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணி


டிமரு
28 செப்டம்பர் 1999

அண்ணி,

உங்க கடுதாசி வந்த அன்னைக்கு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிட்டு கடற்கரைக்குப் போயிட்டேன். பதில் எழுத உக்காந்து உக்காந்து எழுந்துட்டேன். எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டேன். அழுதேன், வேறென்ன. சோம்பேறின்னு எழுதினேனே அவனை.

இப்போ வேலையைப் பார்ப்போம். நீங்க கை கட்டிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டீங்கன்னு தெரியும், அதனால இதை முதல்ல படிங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. வண்டியோட இரும்புச் சட்டத்துக்குக் கீழே தடி மரக்கட்டையா அடுக்கிட்டுத்தான் போகணும். டியூப் நுனி சதுரமா வெட்டின மாதிரி இருக்கணும், சாய்வா இருந்தா காத்து கசியும். பிளேடால வெட்டுங்க, கத்திரி வேண்டாம். டியூப்பைச் சொருகினதும் நல்லா இழுத்துப் பாருங்க, வரக் கூடாது. பை மடிப்பு கீழ்ப் பக்கம் சுருளணும். கோணலா சுருண்டா மலைப் பாதையில முதல் பள்ளத்துலேயே கிழியும்.

கம்ப்ரஸர்தான் எனக்கு பயம். அது கிழடு. மலை ஏறறப்போ நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏத்தி இறக்கி விளையாடாதீங்க. மேலே போய் ஒரு தடவை இறக்குங்க, கிளம்பறப்போ ஒரு தடவை ஏத்துங்க. அதைத் தாங்கணும்.

எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியவே வராது. என் மேல சத்தியம்.

கிளெம்


ஸ்கேல்பெக்
2 நவம்பர் 1999

அன்புத் தம்பி கிளெமுக்கு,

சுகமா இருக்கியா? இங்கே எல்லாம் சுகம்னு எப்பவும் எழுதற மாதிரி எழுத மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

நாலு பையும் மாட்டினேன். பின்னாடி ரெண்டையும் உன் கடுதாசி வந்ததும் பிரிச்சு மறுபடி மாட்டினேன், மடிப்பு கோணல்தான். சனிக்கிழமை விடியறப்போ கிளம்பினோம். பாதை முழுக்கத் தண்ணி அறுத்துப் போட்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, வண்டி மகாராணி மாதிரி ஆடாம அசையாம ஏறிச்சு. உன் அண்ணன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்தார்.

மேல்பட்டியில ஏற்கனவே எல்லாரும் வந்துட்டாங்க. கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரமா நிறுத்தினேன். பட்டனை அமுக்கினார். இறங்கிக்கிச்சு. அவரே இறங்கினார், அவரே நடந்தார். கதவுகிட்ட கல் சுவர்ல சாஞ்சுக்கிட்டு குறி சொல்ல ஆரம்பிச்சார். ஒரு ஆடு தப்பலை, கிளெம். ஆனா குரல் எழும்பலை. முன்ன மாதிரி இல்லை, மூணடி தாண்டினா கேக்காது. ராப் ஃபியரன் கதவைத் தள்ளிக்கிட்டே அவர் சொன்னதை ஒவ்வொண்ணாத் திரும்பக் கத்தினான். யாரும் அவனைக் கத்தச் சொல்லலை. நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.

எல்லாம் முடிஞ்சு திரும்பறப்போதான் கஷ்டம். களைச்சுப் போயிட்டார். வண்டி இறங்கி நிக்குது, கதவு திறந்திருக்கு, இவர் பக்கத்துலேயே நிக்கறார், கால் தரையில ஒட்டிக்கிச்சு. நகரவே இல்லை. நான் கிட்ட போனேன், கண்ணாலேயே வேண்டாம்னார். அவ்வளவு பேரும் அங்கேதான் நிக்கறாங்க. எனக்கு உயிரே போச்சு.

திரும்பிப் பார்க்கறேன். ராப், அவங்க அப்பா, பாலத்துப் பண்ணைக்காரங்க, ஒருத்தர் விடாம எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாங்க. எல்லாரும் மும்முரமா ஆட்டைப் பார்க்கறாங்க. பார்க்க அங்கே ஒண்ணும் இல்லை, பிரிச்ச ஆடு சும்மா நிக்குது. யாரும் அவசரப்படலை. இவர் மெல்ல மெல்ல அசைஞ்சு, திரும்பி, உள்ளே உக்காந்து, காலை எடுத்து வச்சு, கதவைச் சாத்தினார். கதவுச் சத்தம் கேட்டதும்தான் எல்லாருக்கும் ஒரே நேரத்துல நாயைத் திட்டற வேலை வந்துது. ஊருக்கே தெரியும், கிளெம். எப்போலேர்ந்தோ தெரியும். என்னைக் கிண்டல் பண்ணினானே, அவனுக்கும் தெரியும்.

பட்டனை அமுக்கினேன். எழும்பலை. கம்ப்ரஸர் ஒரு தடவை முனகிட்டு நின்னுபோச்சு, கருகின வாசனை. உடனே நான் கியரைப் போட்டேன். தரையோட ஒட்டிக்கிட்டே கீழே வரைக்கும் ஓட்டினேன். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புல இடிச்சுது. பாதி வழியில, "அவங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"னு கேட்டார். "எனக்கு எப்படித் தெரியும்?"னேன். "நல்ல பசங்க"ன்னார். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சார். பள்ளத்துல இடிக்க இடிக்க சிரிச்சார். நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வந்து பாதை தெரியாம சுவர்ல ஒரு பக்கம் உரசிட்டேன்.

அடுத்த வருஷமும் கதவு அவரோடதுதான். ராப்போட அப்பா வந்து சொல்லிட்டுப் போனார், வேற எதுக்கோ வந்த மாதிரி வந்து.

எனக்கு ஒரு கம்ப்ரஸர் வேணும். ஏப்ரல்ல குட்டி போடறப்போ அவர் மேல்வயலுக்குப் போகணும்கறார், போவார். போன ஏப்ரல்ல ராத்திரி பகலா பெரும்பாலும் நான் ஒருத்திதான் பார்த்தேன். வர்ற ஏப்ரலை நினைச்சா பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் பார்த்துக்குவேன். ஸ்பிரிங் பேச்சை மட்டும் எடுக்காதே.

அண்ணி ஹில்டா


டிமரு
21 நவம்பர் 1999

அண்ணா,

நலம், நலமறிய ஆவல்னு இழுத்தா, "விஷயத்துக்கு வாடா"ம்பே. வர்றேன்.

எனக்கு நீ ஒரு உதவி பண்ணணும். ஒர்க்‌ஷாப்பை என் கூட்டாளிக்கே கொடுத்துட்டேன். அவனுக்கும் எனக்கும் சுத்தமா ஒத்துவரலை. இந்த வயசுல இன்னொருத்தன்கிட்ட வேலை கேட்டு நிக்க மனசு வரலை. மார்ச் மாசம் ஊருக்கு வந்துடலாம்னு பார்க்கறேன். நாயைக் கப்பலேத்த முடியாது. கூட்டாளியே வச்சுக்கறேன்னுட்டான், பிள்ளை மாதிரி பார்த்துக்குவான்.

பண்ணைக்கு ஆள் தேவையில்லைன்னு எனக்குத் தெரியும். நீ எப்பவும் ஒத்தை ஆளாப் பார்த்துக்கிட்டவன். ஆனா எனக்குப் போக வேற இடம் இல்லை. குட்டி போடற வேலையெல்லாம் மறந்தே போச்சு. நீ பக்கத்துல நின்னு இப்படிச் செய், அப்படிச் செய்னு சொன்னா செய்வேன். தப்புப் பண்ணினா திட்டு. சின்ன வயசுல திட்டினதுல பாதியாவது நீ மிச்சம் வச்சிருப்பேன்னு நம்பறேன்.

அண்ணி ஏதோ பெரிய மனுஷங்க வண்டி வாங்கியிருக்காங்கன்னு எழுதினாங்க. வேற ஒண்ணும் எழுதலை. அதுக்கு ஒரு கம்ப்ரஸர் கொண்டு வர்றேன், என் சாப்பாட்டுக்கு ஈடா வச்சுக்கோ.

நான் வர்றது சரின்னா நீ மெனக்கெட்டு எழுத வேண்டாம். குளிர்காலத்துல உனக்கு ஏது நேரம்? அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, அவங்க எழுதிப் போடுவாங்க. வரவேண்டாம்னா மட்டும் நீயே உன் கையால எழுது.

உன் தம்பி,
கிளெம்